விருந்தோம்பலும் விடுதி வாசலும்: அம்பாறைக் கரையோரத்தை முன்னிறுத்தி ஒரு விவாதம்

தமிழ்பேசும் மக்களின் பண்பாட்டுச் சிறப்பை எடுத்துரைக்கப் புகுவோர் எவரும் விருந்தோம்பலைக் கூறாது விடுவதில்லை. வள்ளுவர் அதற்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். வந்த விருந்தாளியை மூன்று நாள் உபசரிக்குமாறு நபிமொழி பணிக்கிறது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்னும் பழமொழி, சற்றுக் குறும்பு கலந்தேனும், அதே கணக்கைத் திண்ணையிலிருந்து கூறுகிறது. இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அண்டி வாழும் நிலப்பகுதி இலங்கையில் உண்டெனில், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரம் அவற்றுள் முதன்மையானது. அக்கரையோரத்தில், வந்தவன் எந்த நாட்டவன் என்பதைக் கொண்டு கதவைத் திறப்பதா அடைப்பதா எனத் தீர்மானிக்கும் வழக்கம் வேரூன்றுமாயின், அதனை விடுதிக்காரரின் வியாபார விவகாரம் எனத் தள்ளிவிட இயலாது.

பொத்துவிலையடுத்த உல்லைக் கிராமம் இன்று அறுகம்பை என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. சித்திரை, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அங்கு எழும் அலைகளை நாடி அலைச்சறுக்கு வீரர்கள் பல நாடுகளிலிருந்தும் வருகின்றனர். பெரிய உல்லாச விடுதிகள் மட்டுமன்றிச் சிறு விருந்தினர் விடுதிகளும், வீட்டு வளவிற் கட்டப்பட்ட இரண்டொரு அறைகளும், கிடுகு வேய்ந்த கொட்டில்களும் அவர்களை ஏற்கின்றன. வடக்கே கல்முனையிலோ தேவை வேறுவகையானது. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலையிலும் கிடக்கும் நோயாளியின் துணைக்கு வந்தவர், மருதமுனை நெசவுத் துணி கொள்வனவு செய்ய வந்த வியாபாரி, ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயிலும் மகளைப் பார்க்க மலையகத்திலிருந்து வந்த தாய் ஆகியோர் அங்கு இரவைக் கழிக்க ஓரிடம் தேடுகின்றனர். உல்லையின் அலைக்காக வந்தவரும் கல்முனையின் வைத்தியசாலைக்காக வந்தவரும் பிரயாணிகளே. ஆயின் விடுதி வாசலில் இவர்களுக்கு விதிக்கப்படும் நிபந்தனைகள் ஒன்றாக இருப்பதில்லை.

‘வெளிநாட்டவர்க்கு மட்டும்’ என்னும் விதி சில இடங்களில் எழுத்திலும் வேறு சில இடங்களில் வாய்மொழியிலும் வழங்குவதாக இலங்கையின் கடற்கரை ஊர்கள் பலவற்றிலிருந்தும் முறைப்பாடுகள் எழுந்தவண்ணமுள்ளன. அவ்விதி பல வேடங்கள் தரிக்கவல்லது. தொலைபேசியிற் பேசும் குரல் உள்ளூர்க் குரலாயின் ‘அறை இல்லை’ எனப்படும். நேரில் வந்த தம்பதியர் உள்ளூராராயின் விவாகப் பதிவுச் சான்றிதழ் கேட்கப்படும். அறையெடுத்தவர் வெளிநாட்டவராயிருந்து, அவருடைய நண்பரோ துணைவரோ உள்ளூரவராயின், ‘பகலில் வரலாம், இரவில் தங்கக்கூடாது’ என்ற கட்டளை பிறக்கும். இம்மூன்றாவது நிலையே விதியின் உட்பொருளை வெளிப்படுத்துவது. ஒரே அறை, ஒரே வாடகை, ஒரே இரவு. ஒருவர் கடவுச்சீட்டுடன் உள்ளே செல்கிறார், மற்றவர் அடையாள அட்டையுடன் வாசலில் நிறுத்தப்படுகிறார். தன் நாட்டின் அடையாள அட்டையே தன் நாட்டில் தங்குவதற்குத் தடையாகும் விந்தை இது.

இதற்கு முதலாவதாகக் கூறப்படும் நியாயம் சமயமும் பண்பாடும். கரையோர முஸ்லிம் ஊர்கள் ஒழுக்க நெறியைப் பேணுவன. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓரறையில் தங்குவதை அவை ஏற்பதில்லை. ஆகவே கேள்வி கேட்பது வீட்டாரின் உரிமை என்பர். இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. தன் கூரையின் கீழ் எது நடக்கலாம், எது நடக்கலாகாது என வரையறுக்க ஒரு குடும்பத்துக்கு உரிமை உண்டு. மதுவைத் தடுக்கலாம், பன்றியிறைச்சியைத் தடுக்கலாம், மணமானவர்க்கே அறை என்றுங்கூட ஒரு வீட்டார் உறுதிகொள்ளலாம். ஆயின் அவ்வுறுதி மார்க்கத்திலிருந்து பிறந்ததெனில் வருவோர் அனைவர்மீதும் அது செல்லுதல் வேண்டும். வெளிநாட்டு ஆணையும் பெண்ணையும் சான்றிதழ் எதுவும் கேளாது புன்னகையுடன் உள்ளே அழைத்து, அடுத்து வந்த சம்மாந்துறைத் தம்பதியரிடம் நிக்காஹ் பதிவைக் கேட்கும் ஒழுக்கம் எந்த மார்க்கத்தைச் சார்ந்தது? கடவுச்சீட்டு வைத்திருப்போர்க்கு விலக்களிக்கும் அறநெறியை எந்த ஆலிமும் போதித்ததில்லை. இங்கு காக்கப்படுவது பண்பாடு எனக் கூறுவது பண்பாட்டுக்கே இழுக்காகும். டொலர் வரும் வழியில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும் ஒழுக்கத்துக்குப் பெயர் வேறு.

பண்பாட்டின் பெயரால் பேசுவோர் இக்கரையோரத்தின் வீட்டைப் பற்றிச் சற்றுச் சிந்தித்தல் நன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் தாய்வழிக் குடி முறைமை நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து குடிபுகுகிறான். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இம்முறைமையை விரிவாக விளக்கியுள்ளார். வெளியிலிருந்து வரும் ஒருவனை வரவேற்று உள்ளே இருத்துவதே இங்குள்ள குடும்ப அமைப்பின் அடித்தளம் என்பது மனங்கொள்ளத்தக்கது. மேலும், வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரிகர் திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகக் குமணக் காட்டினூடே நடந்து செல்லும் பாதை இதுவே. அடியார்க்குத் தண்ணீரும் நிழலும் தந்து பழகிய பாதையில், உள்ளூர் வழிப்போக்கன் சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்டமை புதிய வழக்கமே. அதற்குப் பழைமைச் சாயம் பூசுவது பொருந்தாது.

இரண்டாவது நியாயம் சொத்துரிமை பற்றியது. ‘என் வீடு, எனக்கு விருப்பமானவர்க்கே கொடுப்பேன்’ என்பது அது. வீட்டுக்கும் விடுதிக்குமிடையே கோடு எங்கே கிழிக்கப்படுதல் வேண்டும் என்னும் வினா உலகில் முன்னரும் எழுந்ததுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் நிறம், இனம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி விடுதிகளில் இடம் மறுப்பதைத் தடைசெய்தது. உரிமையாளர் தாமே குடியிருந்து, ஐந்துக்கு மேற்படாத அறைகளை வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு மட்டும் அச்சட்டம் விலக்களித்தது. அவ்விலக்குச் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் கோடு எதனைக் கருத்திற்கொண்டு கிழிக்கப்பட்டது என்பது தெளிவு. அடுக்களையையும் முற்றத்தையும் விருந்தினருடன் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தின் அந்தரங்கம் ஒன்று. விளம்பரம் செய்து, விலை குறித்து, ஊர் அறியாத ஒருவருக்கு இரவுதோறும் கதவு திறக்கும் தொழில் மற்றொன்று. உலகத்தையே அழைத்துவிட்டு அயலூரானை மட்டும் விலக்கும் ஒருவர் ‘இது என் அந்தரங்கம்’ எனக் கூறுதல் ஏற்புடையதன்று. உலகில் அயலூரும் அடங்கும்.

மூன்றாவதாகப் பாதுகாப்பும் பொலிசாரும் காரணமாகக் காட்டப்படுகின்றனர். இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச்சட்டமும் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டவை. அவற்றின் நிழல் நெடுங்காலம் விடுதிக்காரரைத் தொடர்ந்து வந்துள்ளது. உள்ளூர்ப் பெண்ணொருத்தி இரவில் தங்கினாள் என்பதே ஊர் வாய்க்குப் போதுமானதாகிவிடுகிறது. இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கோயம்புத்தூரில் மணமாகாத இருவர் தங்கியிருந்தமையைக் காட்டி 2019இல் அதிகாரிகள் ஒரு தங்கும் விடுதிக்கு முத்திரையிட்டனர். மணமாகாத வயதுவந்த இருவர் விடுதியறையில் தங்குவது எச்சட்டத்தின்படியும் குற்றமாகாது என அதே ஆண்டின் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, முத்திரையை அகற்றப் பணித்தது. எனினும் 2025 தொடக்கத்தில் ஓயோ நிறுவனம் வட இந்தியாவின் மீரட் நகரிலுள்ள தன் பங்காளி விடுதிகளுக்கு, மணமாகாத இணையரை மறுக்கும் உரிமையை வழங்கியது. நீதிமன்றம் திறந்த கதவை வியாபாரம் மீண்டும் அடைக்கவல்லது என்பதற்கு இது சான்று. அச்சத்தை வருவிப்பது சட்டத்தின் எழுத்தைவிட அயலாரின் கண்ணே. அக்கண்ணும் உள்ளூர்ப் பெண்ணையே நோக்குகிறது. அவளுடன் வந்த வெளிநாட்டு ஆணை நோக்குவதில்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது சாய்ந்தமருதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அவற்றோடு தொடர்புடையோர் சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் மறைந்திருந்தமையும், ஏப்ரல் 26ஆந் திகதி அங்கு நேர்ந்த வெடிப்பில் பெண்களும் குழந்தைகளும் உட்பட உயிர்கள் மாண்டமையும் மறக்கவொண்ணாதவை. புதிதாக வந்தோர்மீது ஐயுற்று முதலிற் செயற்பட்டவர்கள் அவ்வூர் மக்களே. இதிலிருந்து பெறத்தக்க பாடம் யாது? வருவோர் யாவரையும் ஒரே பதிவேட்டில் ஒரே முறையிற் பதிவு செய்க. அயலாரின் விழிப்பைப் போற்றுக என்பதே. உள்ளூரவர் என்பதற்காக மறுப்பதும் வெளிநாட்டவர் என்பதற்காகக் கேளாது விடுவதும் பாதுகாப்பின் இரு ஓட்டைகளாகும்.

சிறுவர் பாதுகாப்புக் குறித்தும் இதுவே கூறத்தக்கது. உல்லாசப் பிரயாணத்துறை வளர்ந்த கடற்கரைகளிற் சிறுவர் சீரழிக்கப்பட்ட கொடுமையை இலங்கை நன்கு அறியும். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுச் சிறுவரைப் பாலியல் ரீதியிற் சுரண்டுவது தனிக் குற்றமாக்கப்பட்டது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை சட்டமூலம் நிறுவப்பட்டது. விடுதிக்காரர் இதில் விழிப்பாயிருத்தல் கட்டாயம். ஆயின் அதற்குரிய வினா ‘நீ எந்த ஊர்?’ என்பதாகாது, ‘வயது என்ன? உடன் வந்தவர் யார்?’ என்பதே. அறைக்குரியவர் வெளிநாட்டவர் என்பதால் அவரை வினவாது, வாசலில் நிற்கும் முப்பது வயது உள்ளூர் ஆசிரியையைத் திருப்பியனுப்பும் விதி எந்தச் சிறுவனையும் காத்ததில்லை. வினவப்பட வேண்டியவரை விட்டு வினவத் தேவையற்றவரைப் பிடிக்கும் விதி அது.

எஞ்சுவது நடத்தை பற்றிய முறையீடு. உள்ளூர் இளைஞர் கூட்டமாக வருவர், ஓரறைக்குப் பத்துப்பேர் தங்குவர், இரைச்சலிடுவர், குடிப்பர், பிற விருந்தினரைத் தொந்தரவு செய்வர் என்பர். சிலர் அவ்வாறு செய்வது மெய்யே. அலைச்சறுக்குப் பலகையுடன் வருவோரிலும் குடித்துக் கூத்தாடுவோர் இல்லாமலில்லை. அறைக்கு இத்தனைபேர், இரவு பத்து மணிக்குப்பின் அமைதி, சேதத்துக்கு முற்பணம் என விதிகளை எழுதி வாசலில் தொங்கவிட யார் தடுத்தார்? நடத்தையை அளக்கும் கோல் கையிலிருக்கப் பிறப்பை அளப்பது சோம்பலின் விளைவாகும்.

‘பிற விருந்தினர் விரும்பார்’ என்ற சாட்டுக்கு வரலாற்றில் ஒரு மறுமொழி உண்டு. 1893இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தி ஜொஹானஸ்பேர்க்கில் ஒரு பெரிய விடுதியில் அறை கேட்டார். இடமில்லை என்ற மரியாதையான பதிலே கிடைத்தது. விடுதியில் இடம் கிடைக்குமென எதிர்பார்த்தீரா எனச் சிரித்து, அவரை ஏற்றுத் தங்கவைத்தவர்கள் அந்நகரத்து இந்திய முஸ்லிம் வணிகர்கள். பிரிட்டோரியாவில் மற்றொரு விடுதிக்காரர், பிற விருந்தினர் மனம் கோணுவர் என அஞ்சி அவரைத் தம் அறையிலேயே உண்ணுமாறு வேண்டினார். பின்னர் மனம் பொறாது விருந்தினரையே கேட்டார். அவர்களுக்கு ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை. காந்தி சாப்பாட்டு மண்டபத்தில் அமர்ந்து உண்டார். தம் சத்தியசோதனையில் அவரே இவற்றைப் பதிந்துள்ளார். விருந்தினர்மீது ஏற்றப்படும் வெறுப்புப் பலவேளைகளில் விடுதிக்காரரின் ஊகமே என்பதும், ‘இடமில்லை’ என்னும் பொய்யின் வயது நூற்றாண்டுக்கு மேற்பட்டது என்பதும் இதனாற் பெறப்படும். அன்று அப்பொய்யைக் கூறியவர் வெள்ளையர். இன்று அதனைத் தம்மவர் தம்மவர்க்கே கூறுகின்றனர்.

இந்நிலையின் பொருளாதார வேரையும் நோக்குதல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவ்வேளை பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் வந்தோர் எவர் எனக் கேளாது கதவு திறந்தன. ஆயினும் சின்னாட்களில் கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டு மீனவர் தம் வாடிகளையும் வீடுகளையும் மீளக் கட்டுவது தடுக்கப்பட்டது. அதேவேளை அறுகம்பையை உயர்தர உல்லாசத் தலமாக்கும் திட்டம் தீட்டப்பட்டது. நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட தமது நூலில், பேரழிவு வியாபாரமாக்கப்பட்டமைக்கு உதாரணமாக இக்கடற்கரையை எடுத்தாண்டார். வலைஞனைக் கரையிலிருந்து விலக்க முயன்ற சிந்தனையும் உள்ளூரானை விடுதியிலிருந்து விலக்கும் சிந்தனையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கரை விற்பனைக்குரிய காட்சி. அக்காட்சியிற் கரையின் மக்கள் பணியாளராக இருக்கலாம், விருந்தினராக இருத்தல் கூடாது என்பதே அதன் சாரம்.

சட்டம் இதுபற்றி யாது கூறுகிறது? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் கடைகளுக்கோ, பொது உணவகங்களுக்கோ, விடுதிகளுக்கோ, பொதுக் களியாட்ட இடங்களுக்கோ செல்வதில் எவரும் தடைக்கு உட்படுத்தப்படலாகாது என்கிறது. ஆயின் இங்கு இரு குறைகள் உள. அப்பட்டியலில் ‘இந்நாட்டுக் குடியாயிருத்தல்’ என்ற காரணம் இல்லை; தன் நாட்டிலேயே ஒருவர் அதன் பொருட்டு விலக்கப்படுவார் என எண்ணியும் பார்த்திருக்க மாட்டார்கள் போலும். மேலும், 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் விசாரிப்பது ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயல்களால் நேரும் உரிமை மீறல்களையே. தனியார் விடுதி வாசலில் மறுக்கப்பட்டவர்க்கு எளிய பரிகாரம் இல்லை.

சட்டம் போதாதெனக் கைகட்டியிருப்பதும் வரலாறு அறியாமையே. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் பொது இடங்களில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் பத்தாண்டு கழிந்தும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் கதவு திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் தாழ்த்தப்பட்ட மக்களும் அவர்களோடு நின்ற முற்போக்காளரும் கடைகளுள் நுழைந்து அமர்ந்து போராடிய பின்னரே சட்டத்தின் எழுத்து உயிர்பெற்றது. அன்றும் ‘என் கடை, என் விருப்பம்’ என்ற குரலே எழுந்தது. ‘வழமையான வாடிக்கையாளர் வரமாட்டார்’ என்ற சாட்டே கூறப்பட்டது. சாதிக்கொடுமையின் ஆழமும் விடுதி மறுப்பின் ஆழமும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். ஆனால் அவற்றுக்குக் கூறப்படும் நியாயங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாயிருப்பதைக் காணாதிருக்க இயலாது.

2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் ரஷ்யப் பிரயாணிகள் சிலர் ‘வெள்ளையர்க்கே அனுமதி’ எனப் பொருள்படும் விளம்பரத்துடன் ஒரு களியாட்டம் ஏற்பாடு செய்தபோது நாடே கொதித்தது, நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அக்கொதிப்பு நியாயமானது. ஆயின் அதே விதியை உள்ளூர் முதலாளி எழுதும்போது கொதிப்பு ஆறிப்போவது ஏன்? அந்நியன் அவமதித்தால் தேசாபிமானம், தம்மவர் அவமதித்தால் வியாபாரத் தந்திரம் என இருவேறு நாக்குகள் இருத்தல் ஆகாது.

அடைக்கப்பட்ட கதவின் வலியை இக்கரையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் புத்தளத்து மக்கள் திறந்த கதவுகளால் உயிர்தரித்தனர். 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம்கள் ஒரு சிலரின் குற்றத்துக்காக ஒட்டுமொத்தமாக ஐயுறப்பட்டனர். நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டுப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஒதுங்கினர். பெயரையும் பிறப்பையும் பார்த்துக் கதவடைக்கும் நியாயத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அது நாளை யார் முகத்தில் அறையும் என்பதை ஏற்றவர் தீர்மானிக்க முடியாது.

செய்யத்தக்கவை பெரிய காரியங்களல்ல. விடுதிகளைப் பதிவு செய்யும் உல்லாசப் பிரயாணத்துறை அதிகார சபை, உள்ளூரவர், வெளிநாட்டவர் என்ற பேதமின்றி அனைவர்க்கும் ஒரே விதி என்பதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்கலாம். பிரதேச சபைகளும் அதனை வற்புறுத்தலாம். பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஆலய பரிபாலன சபைகளும் விருந்தோம்பலைப் பற்றி மேடையிற் பேசும்போது விடுதி வாசலையும் ஒருமுறை சுட்டிக்காட்டலாம். பல்கலைக்கழகங்கள் ஆய்வரங்குகளுக்கும் கல்விச் சுற்றுலாக்களுக்கும் அறைகள் ஒழுங்கு செய்யும்போது, உள்ளூரவரை மறுக்கும் விடுதிக்கு ஒரு சதமும் செல்லாது பார்த்துக்கொள்வது மாணவராலும் விரிவுரையாளராலும் இயலாததன்று. அரசியலமைப்பின் பட்டியலில் விடுபட்ட சொல்லைச் சேர்க்குமாறு சட்டம் பயில்வோர் குரலெழுப்பலாம்.

விடுதிக்காரர் கேட்கத்தக்க வினாக்கள் சிலவே: பெயர் என்ன, வயது என்ன, எத்தனைபேர், எத்தனை நாள், வீட்டு விதிகளுக்கு இசைவா? இவ்வினாக்களை நியூயோர்க்கிலிருந்து வந்தவரிடமும் நிந்தவூரிலிருந்து வந்தவரிடமும் ஒரே குரலிற் கேட்கும் வாசல் எதுவோ, அதுவே விருந்தோம்பல் என்ற சொல்லுக்கு உரிமை கோரலாம். ஏனைய வாசல்கள் வாடகை வாங்கட்டும்; அப்பெயரை வாங்க வேண்டா.